பாஸ்டர் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாத சபை: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஒரு தமிழ்ச் சபை. ஞாயிறு காலை சுமார் 150 பேர் கூடுவார்கள். அங்கே எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா ஏழு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, மகள் வீட்டுக்கே போய்விட்டார். சபையில் யாருக்கும் தெரியாது. பசாரில் மீன் வாங்கப் போன ஒருவர் தற்செயலாக மகளைப் பார்த்ததால்தான் செய்தி வந்தது.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் அந்தச் சபை தன் பராமரிப்பு முறையை அடியோடு மாற்றிக்கொண்டது. செயற்குழு கேட்டுக்கொண்டதால் வெளியாளாக அவர்களுடைய கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். குடும்பங்களின் அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதைப் பாஸ்டரும் செயற்குழுவும் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் நம் சபைகள் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் பாஸ்டரைக் குறை சொல்வோம். அப்புறம் ஒரு குழு போடுவோம். குழுவுக்கு வேலையைக் கொடுப்போம். முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி பாஸ்டர் தலையில் வந்து விழும். இந்தச் சபையிலும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டாம் தடவை ஆகவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டத்துச் சபை, தாமான் வாழ்க்கை

இந்தச் சபையைத் தொடங்கிய குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று விசாரிக்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. உபதேசியார் அந்த லைன் வழியாக நடந்து போனாலே போதும், எல்லாச் செய்தியும் காதில் விழும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனபோது அதே குடும்பங்கள் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப் என்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போயின. பிள்ளைகள் பிறை தொழிற்சாலைகளிலும், 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் வேலைக்குப் போனார்கள். காலை ஏழு முதல் இரவு ஏழு, இரவு ஏழு முதல் காலை ஏழு என்று ஷிப்ட். லீவு நாள் வாரா வாரம் மாறும். ஒருவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு வரவில்லை என்றால் ‘ஷிப்ட் போல’ என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த அம்மாவின் விஷயத்திலும் அதுதான் நடந்தது. பேரனுக்கு ஷிப்ட், கூட்டி வர ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

வாழ்க்கை மாறியது, சபையின் எதிர்பார்ப்பு மட்டும் லைன் வீட்டுக் காலத்திலேயே நின்றுவிட்டது. ‘பாஸ்டருக்கு எப்படித் தெரியாமல் போகும்’ என்று கேட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அவர்கள் வளர்ந்த இடத்தில் உண்மையிலேயே உபதேசியாருக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை.

பாஸ்டர் ஐம்பதுகளில் இருப்பவர், உழைப்பாளி. ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், அடக்க ஆராதனைகள், கிளினிக்குக் கூட்டிப் போவது, சமூகநலத் துறை பாரம் நிரப்பிக் கொடுப்பது, ஏன், ஆலயத்துச் சாவிகூட அவரிடம்தான். திங்கள் ஓய்வுநாள் என்பார்கள், போன் ஓயாது. அழைத்த வீட்டுக்கெல்லாம் போவார். சிக்கல் அந்த ‘அழைத்த’ என்ற இடத்தில்தான் இருந்தது. கூப்பிடக் கூச்சப்படாதவர்களுக்குப் பாஸ்டர் கிடைத்தார். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள், கடனில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் குடிக்கிறவர்கள், இவர்கள் கூப்பிட மாட்டார்கள். எந்தச் சபையிலும் அதிகம் தேவைப்படுகிறவர்தான் கடைசியாகக் கூப்பிடுவார்.

பெயர்ப் பட்டியல் வாசித்த இரவு

முதல் கூட்டத்துக்கு அந்த அம்மாவின் மகள் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. “எங்கம்மா முப்பது வருசமா இந்த ஆல்டருக்குப் பூ வெச்சாங்க, பாஸ்டர். ஒருத்தர்கூட ஒரு போன் அடிக்கல” என்று மட்டும் சொன்னார். பாஸ்டர் எழுந்து மன்னிப்புக் கேட்டார். மகள் போன பிறகு செயற்குழுவில் மூத்தவர் ஒருவர், “நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் லா, பாஸ்டர்” என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அப்போது சபைச் செயலாளர் ஒரு காரியம் செய்தார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உறுப்பினர் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் வாசித்து, “இவங்கள கடைசியா வீட்ல போய்ப் பார்த்தது யாரு?” என்று கேட்டார். பாஸ்டரை மட்டும் கேட்கவில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரையும் கேட்டார். பட்டியலில் 52 குடும்பங்கள். முதல் பத்துப் பெயர்கள் சுலபமாகப் போயின. அப்புறம் இடைவெளி விழத் தொடங்கியது. ஒரு பெயரை வாசித்ததும், “அவங்க இன்னும் அந்த பிளாட்லதான் இருக்காங்களா?” என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் 14 குடும்பங்களுக்கு எதிரே எந்தப் பெயரும் எழுத முடியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஷிப்ட் வேலைக் குடும்பங்கள். மீதி, தனியாக இருக்கும் வயதானவர்கள்.

அறையின் மனநிலை அங்கே மாறியது. பாஸ்டர் பார்க்கவில்லை என்று சொன்னவர்களும் பார்க்கவில்லை என்பது காகிதத்தில் இருந்தது. அடுத்ததாக வெண்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். வாரத்துக்கு நான்கு வீடு என்று வைத்தால்கூட 52 வீட்டை ஒரு சுற்று முடிக்க 13 வாரம். மருத்துவமனை, துக்க வீடு, கல்யாணம் எல்லாம் குறுக்கே வந்தால் அது 25 வாரம் ஆகும். அதாவது, எவ்வளவு நல்ல பாஸ்டராக இருந்தாலும் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கலாம். இடுப்பு முறிந்த செய்தியை அந்த வேகத்தில் பிடிக்க முடியாது.

நான் பார்த்த சபைகளில் இந்தச் சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்த்தவை மிகக் குறைவு. போட்டுப் பார்த்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

முதல் ஏற்பாடு ஏன் நிற்கவில்லை

சபையை ஐந்து பகுதியாகப் பிரித்தார்கள். பகுதிக்கு ஒருவர் என்று பாஸ்டரும் செயற்குழுவும் ஆட்களை நியமித்தார்கள்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எஞ்சினியர், வங்கி அதிகாரி, வியாபாரி இருவர். எல்லோரும் நல்லவர்கள், மதிப்புள்ளவர்கள். மாதம் ஒரு முறை வீடுகளைச் சந்தித்து, அச்சடித்த பாரத்தில் அறிக்கை எழுதிப் பாஸ்டரிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

நான்கு மாதத்தில் பாரங்கள் வருவது நின்றது. செயற்குழு சொன்ன காரணம், ‘நம்ம ஆளுங்களுக்குப் பொறுப்பு இல்ல.’ நான் அதை ஏற்கவில்லை. வீடு வீடாகப் பேசிப் பார்த்ததில் கதை வேறாக இருந்தது.

அந்த எஞ்சினியர் பெரிய கார் வைத்திருக்கிறவர், சபையின் கட்டட நிதிக்கு நிறையக் கொடுத்தவர். அவர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டு அம்மா என்ன செய்வார்? ஓடிப் போய் மைலோ கலக்கிக் கொண்டு வந்து வைப்பார், ‘எல்லாம் நல்லா இருக்கோம் சார்’ என்பார். வாடகை மூன்று மாதம் பாக்கி என்று சொல்வாரா?

சொன்ன இடத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வீட்டில் கரண்டு துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள். பகுதித் தலைவர் உடனே பாஸ்டருக்கு போன் செய்தார். பாஸ்டர் பொருளாளருக்குச் செய்தார். செயற்குழு ஒப்புதல் இல்லாமல் பணம் எடுக்க முடியாது, அடுத்த கூட்டம் மாதக் கடைசியில் என்று பொருளாளர் சொன்னார். கூட்டம் கூடி ஒப்புதல் கிடைப்பதற்குள் அந்தக் குடும்பம் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், கடன் வாங்கிக் கரண்டு பில்லைக் கட்டிவிட்டது. அந்தக் கடன் என்ன ஆகும் என்று நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகுதித் தலைவருக்கு அந்த வீட்டுப் படியேறவே வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

பாஸ்டரின் வேலையும் குறையவில்லை. ஐந்து பேரும் கண்டதையெல்லாம் அவரிடம் கொண்டு வந்தார்கள். முன்பு கூப்பிட்டவர்களை மட்டும் பார்த்தார். இப்போது அறிக்கையில் வந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

வேதபாடத்தில் வாசித்த ஏழு பெயர்கள்

இந்த இடத்தில் திருப்பத்தைக் கொண்டு வந்தவர் பாஸ்டர்தான். பொறுப்பைப் பங்கிடுவது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் யாத்திராகமம் 18-க்குப் போவோம். மாமனார் எத்திரோ மோசேயைப் பார்த்து, இப்படி ஒற்றை ஆளாகச் செய்தால் நீயும் சோர்ந்து போவாய், ஜனமும் சோர்ந்து போகும் என்று சொன்ன பகுதி. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்கள். அதோடு நிறுத்திவிடுவோம். உபாகமம் முதல் அதிகாரத்தில் அதே சம்பவத்தை மோசே திரும்பச் சொல்லும்போது, உங்கள் கோத்திரங்களில் அறியப்பட்ட ஆட்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், நான் அவர்களைத் தலைவராக ஏற்படுத்துகிறேன் என்று ஜனங்களிடம் சொன்னதாக இருக்கிறது. தெரிந்துகொண்டது ஜனங்கள், ஏற்படுத்தியது மோசே.

அப்போஸ்தலர் 6-இலும் இதே ஒழுங்குதான். கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. பன்னிருவர் சபையைக் கூட்டி, உங்களில் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். புதன் வேதபாடத்தில் பாஸ்டர் அந்தப் பெயர்களை மெதுவாக வாசித்தார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் யூதராகப் பிறந்தவரே அல்ல, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் அந்தப் பட்டியலை நான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பந்திக்கும் அவர்கள் திரும்பி வந்து அனுமதி கேட்டதாக அங்கே எழுதியில்லை.

“நாம ஏழு பேரைப் போட்டோம். ஆனா பந்தியக் கொடுக்கல” என்றார் பாஸ்டர். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பொருளாளர் நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாம் ஏற்பாடு

இந்தத் தடவை நியமனத்தில் தொடங்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரு வீட்டில் கூடியது. கையில் ஒரு சீட்டு, ஒரே கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் பாஸ்டருக்கு முன்னால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பகுதிக்குள் இருக்கும் ஒருவர் பெயரை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எந்த அடிப்படையில் ஒரு பெயரை நிறுத்தி வைக்க வேண்டி வரும் என்பதைப் பாஸ்டர், சபைப் பொறுப்பாளர்களின் தகுதிகளைச் சொல்லும் 1 தீமோத்தேயு 3-ஐ வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சீட்டுகளைப் பிரித்தபோது செயற்குழுவுக்கு ஆச்சரியம். முதல் ஐந்து பேரில் தலைமையாசிரியர் ஒருவர் பெயர் மட்டுமே திரும்ப வந்தது. மற்ற இடங்களில் வந்தவை: தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கும் ஓர் அக்கா, லாரி ஓட்டும் ஓர் அண்ணன், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா. ஐந்தாம் பகுதியில் வந்த பெயர்தான் சங்கடம். அவர் சபையில் பலருக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர். இரண்டு மணிக்குக் கூப்பிடுகிற ஆள் அவர்தான் என்பது உண்மை, ஏனென்றால் ராத்திரியில் கையில் பணம் வைத்திருப்பவர் அவர் மட்டுமே.

பாஸ்டர் அந்தப் பெயரை மேடையில் பேசவில்லை. நேரில் போய், வட்டியை நிறுத்தினால் இந்தப் பொறுப்பை உங்களுக்குத் தரச் சந்தோஷப்படுவேன் என்று சொன்னார். அவர் மனம் புண்பட்டுச் சில ஞாயிறு வரவில்லை, பிறகு வந்தார். வட்டித் தொழில் நிற்கவில்லை, பொறுப்பும் கொடுக்கப்படவில்லை. அந்தப் பகுதிக்கு இரண்டாவதாக அதிகச் சீட்டுப் பெற்ற இளைஞர் வந்தார். மக்கள் தெரிந்தெடுப்பது என்றால் பாஸ்டருக்கு வாய் இல்லை என்று பொருளாகாது. ஆனால் மறுக்கிறவர் காரணத்தை அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பாஸ்டர் அதைச் செய்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

பெண்கள் இரண்டு பேர் வந்ததில் மூத்தவர்கள் சிலருக்குத் தயக்கம். ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பவுல் எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று பாஸ்டர் வாசித்துக் காட்டினார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேண்டீன் அக்காவின் தயக்கம் வேறு. “எனக்கு எழுத வராது பாஸ்டர். ரிப்போர்ட்டு எல்லாம் கேக்காதீங்க.” பாரத்தை எல்லோருக்குமே ரத்து செய்தார்கள். வாட்ஸாப்பில் குரல்பதிவு போதும். அதுவும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், நான்கு விஷயம் மட்டும் பாஸ்டருக்குப் போக வேண்டும்: கடுமையான நோய் அல்லது மரணம், குடும்பம் பிரியும் நிலை, பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ வீட்டில் ஆபத்து, ஞானஸ்நானம் கேட்பவர்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளாளரின் நோட்டுப் புத்தகம்

பகுதிக்கு மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்), யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்பது முன்மொழிவு. பொருளாளர் கடுமையாக எதிர்த்தார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சிலர் முணுமுணுத்தார்கள், அது நியாயமில்லை. இந்தச் சபை 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். “நாளைக்குக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, இந்தக் காசு எங்க போச்சுன்னு கேட்டா நான்தான் நிக்கணும்” என்றார். அவருடைய கேள்வி சபையின் நற்பெயரைப் பற்றியது.

அதனால் அவரையே வழி சொல்லச் சொன்னார்கள். மறு வாரம் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுப் புத்தகம் ஐந்து வாங்கி, ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொண்டு வந்தார். தேதி, தொகை, எதற்காக, குடும்ப எண், இரண்டு கையெழுத்து. குடும்பத்தின் பெயர் புத்தகத்தில் வராது. எந்த எண் எந்தக் குடும்பம் என்பது பகுதித் தலைவருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். ரொக்கம் கையில் கொடுப்பதில்லை: பில் என்றால் பில்லைக் கட்டுவது, சாமான் என்றால் சாமான் வாங்கிக் கொடுப்பது. ரசீதைப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை 150 வெள்ளிக்கு மேல் என்றால் மட்டும் பொருளாளருக்கு ஒரு போன். செயற்குழு வரை போக வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டாவது கையெழுத்துக்கு இன்னொருவரையும் மக்களே தெரிந்தெடுத்தார்கள்.

எருசலேமுக்கான உதவிப் பணத்தை எடுத்துப் போகும்போது பவுல் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பியதும் இதே காரணத்துக்காகத்தான். 2 கொரிந்தியர் 8-இல் அதை அவரே சொல்கிறார்: கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று.

பணமும் வீட்டுச் சந்திப்பும் ஒன்றோடொன்று சேர்வது மெதடிஸ்ட் வரலாற்றிலும் உண்டு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க வழி தேடியபோது, கேப்டன் ஃபாய் என்பவர் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அதைச் சேகரிக்கட்டும் என்றார். வாரா வாரம் வீட்டுக்குப் போனவர்கள் அந்த வீடுகளின் உண்மை நிலைமையைக் கண்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைக் கவனித்து, கடன் வசூல் ஏற்பாட்டையே ஆத்தும பராமரிப்பு ஏற்பாடாக மாற்றினார். மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் வளர்ந்தது அங்கிருந்து.

முதல் ஆண்டில் இந்தச் சபை ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை. கேட்காமல் செலவழிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பெற்றவர்கள் ஒவ்வொரு வெள்ளியையும் இரண்டு தடவை யோசித்தார்கள். லாரி அண்ணனின் புத்தகத்தை நான் பார்த்தேன். மூன்று மாதத்தில் நான்கே வரி: பால் மாவு, பஸ் காசு, கேஸ் தோம்பு, மறுபடியும் பால் மாவு. கையெழுத்து கோணல், ரசீது நேராக ஒட்டியிருந்தது.

“பாஸ்டர் வரலயா?”

ஆட்களைத் தெரிந்தெடுத்தவர்களே வீட்டுக்கு அக்கா வந்து நின்றபோது கேட்ட முதல் கேள்வி, “பாஸ்டர் வரலயா?” கேண்டீன் அக்கா இதை அழுதுகொண்டே சொன்னார். பாஸ்டர் வந்து ஜெபித்தால்தான் சபை வந்ததாகக் கணக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், ஊழியத்தின் மேல் உள்ள மரியாதை அது. ஆனால் அதை அப்படியே விட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது.

இரண்டு காரியம் செய்தார்கள். திருவிருந்து ஞாயிறன்று ஐந்து பேரையும் முன்னால் நிறுத்திப் பாஸ்டர் கை வைத்து ஜெபித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் தடவை அவரும் கூடவே போனார். போய், தான் ஜெபிக்காமல், “அக்கா, நீங்க ஜெபிங்க” என்பார். பத்து நிமிடத்தில் அவர் கிளம்பிவிடுவார், அக்கா இருந்து பேசிவிட்டு வருவார். யார் முதலில் எழுந்து போகிறார்கள் என்பதை வீட்டுக்காரர்கள் கவனித்தார்கள். விசாரிக்கும் பொறுப்பு யாருடையது என்று அதிலேயே புரிந்துகொண்டார்கள்.

பாஸ்டருக்கு இதை விட்டுக்கொடுப்பது சுலபமாக இல்லை. யாராவது நேரே அழைத்தால் பழக்கத்தில் சாவியை எடுத்துவிடுவார். “உங்க ஏரியா அக்காவுக்குத் தெரியுமா?” என்று முதலில் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதைக் கேட்க வைத்தது பாஸ்டரம்மாதான். இத்தனை வருடம் பாதிப் போன் அவர்தான் எடுத்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “போன் வரலன்னா அவருக்குத் தூக்கம் வராது தம்பி. நாம தேவையில்லையோன்னு பயம்.” சபைகள் பாஸ்டர்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தப் பயத்தை மறந்துவிடுகின்றன. அது பெருமையிலிருந்து மட்டும் வருவதில்லை. இருபத்தைந்து வருடம் தேவைப்பட்டே வாழ்ந்த மனிதருக்குத் தேவைப்படாத ஒரு மாலையை என்ன செய்வது என்று தெரியாது. பயத்தைக் காது கொடுத்துக் கேட்க அவருக்கும் ஒருவர் வேண்டும். இந்தச் சபை, வேறு ஊரில் ஊழியம் செய்யும் மூத்த பாஸ்டர் ஒருவரை மாதம் ஒரு முறை அவர் போய்ப் பார்த்து வரப் பெட்ரோல் காசு ஒதுக்கியது. எனக்குத் தெரிந்து அவர்கள் செலவழித்த மிக நல்ல பணம் அது.

இதே கணக்குகளைப் புரட்டும்போதுதான் பாஸ்டரின் பெயரில் சேமநிதி கட்டப்படவில்லை என்பதும் வெளிவந்தது. சம்பளத்தைக் ‘காணிக்கை’ என்று எழுதியே வந்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரும் யோசிக்கவில்லை. சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஊழியர் பங்கு 11. பொருளாளர் அந்த மாதமே பதிவு செய்து, பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்.

வாட்ஸாப் ஜெபக்குழு

நடுவில் ஓர் இடறல். இளம் பெண் ஒருவரின் மருத்துவப் பரிசோதனை முடிவைப் பகுதித் தலைவர் ஒருவர் நல்லெண்ணத்தில் சபையின் வாட்ஸாப் ஜெபக்குழுவில் போட்டுவிட்டார். மாமியார் வீட்டுக்கே தெரியாத செய்தி. ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து உறவினர் போன் செய்துவிட்டார். அந்தப் பெண் இப்போது வேறு சபைக்குப் போகிறார். பகுதித் தலைவர் போய் மன்னிப்புக் கேட்டார், பாஸ்டரும் கேட்டார், அவர் திரும்பவில்லை. அதிலிருந்து விதி: சம்பந்தப்பட்டவரே “போடுங்க” என்று சொல்லாமல் எந்த நோயும் எந்தக் குடும்ப விஷயமும் குழுவில் வராது. ‘ஒரு சகோதரிக்காக’ என்று பெயரில்லாமல் போடுவதும் கிடையாது. 150 பேர் உள்ள சபையில் அது பெயரைப் போட்டதற்குச் சமம்.

இப்போது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை செயலாளர் அதே பட்டியலை அதே கேள்வியோடு வாசிக்கிறார். கடைசியாக நான் இருந்தபோது எதிரே பெயர் எழுத முடியாமல் நின்றவை மூன்று குடும்பங்கள். இரவு ஷிப்டு முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளான ஒரு தம்பியின் செய்தி, விடிவதற்குள் லாரி அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்டருக்குக் காலை எட்டு மணிக்குத்தான் சொன்னார்கள். அண்ணன் அதற்குள் மருத்துவமனைக்குப் போய், வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார். தன்னை ஏன் எழுப்பவில்லை என்று பாஸ்டர் கேட்கவில்லை.

லாரி அண்ணன் களைத்துவிட்டார் என்பதையும் எழுத வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து வீடு வீடாகப் போவது எத்தனை நாளைக்கு? பாஸ்டரின் பாரத்தை எடுத்து ஐந்து பாஸ்டர்களை உருவாக்கிவிட்டோமோ என்று பொருளாளர் கேட்டது சரியான கேள்வி. அதனால் இரண்டு ஆண்டுத் தவணை வைத்திருக்கிறார்கள். தவணை முடிந்தவர் குறைந்தது ஓர் ஆண்டாவது ஓய்வெடுக்க வேண்டும், அவரே கெஞ்சினாலும்.

தீவுப் பக்கம் இன்னும் சரியாகவில்லை. பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் இளைஞர்கள் நான்கைந்து பேராக வாடகை அறைகளில் இருக்கிறார்கள். பலர் கெடாவிலிருந்து வந்தவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாறுகிறார்கள். பாலம் தாண்டி ஞாயிறு காலை வருவது அவர்களால் முடிவதில்லை, வந்தாலும் யார் யார் என்று பெருநிலத்தவர்களுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக் கேள்வியை அவர்களிடம் கேட்டபோது பலர் சீட்டில் கெடாவில் இருக்கும் அம்மாவின் பெயரை எழுதியிருந்தார்கள். அவர்களை இன்னும் பாஸ்டர் ஒருவரே பார்க்கிறார், செவ்வாய் இரவு ஷிப்டு முடிகிற நேரத்துக்குப் பாலத்தைத் தாண்டிப் போய். அவர்களில் ஒருவரைத் தெரிந்தெடுக்கச் சொல்லலாமா, அவர் அடுத்த மாதமே மலாக்காவுக்கு மாறிப் போனால் என்ன செய்வது என்ற பேச்சு வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், மூன்று புதிய பகுதித் தலைவர்களின் தேர்வுக்கு அடுத்ததாக இருக்கிறது.